கைதட்டல் இல்லாத சோதனை

ஜனவரி 8, புதன்

புது டைரி. என் வீட்டுக்காரர் எட்வினின் மின்வாரியச் சங்கத்தில் கொடுத்தது. முதல் நான்கு பக்கங்களிலும் சங்க நிர்வாகிகள் சிரித்துக்கொண்டிருக்கிறார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மார்ச் 31க்குள் ஆய்வேட்டைக் கொடுக்காவிட்டால் என் முனைவர் பட்டப் பதிவு ரத்து. இரண்டு முறை நீட்டிப்பு வாங்கியாயிற்று, மூன்றாவது கிடையாது என்று பல்கலைக்கழகத்தில் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்கள். ஆறு வருடம்! கல்யாண வீட்டுக்குப் போனால் "பியூலா, முடிச்சாச்சா?" துக்க வீட்டுக்குப் போனாலும் "முடிச்சாச்சா?" போன மாதம் பெட்டிக்குள் படுத்திருந்த பெரியப்பாவைத் தவிர எல்லோரும் கேட்டுவிட்டார்கள்.

அடுத்த கேள்வி, "எதைப் பத்தி?" தூண்டல் சமன்மை என்றால் முகம் சுருங்குகிறது. அதனால் இப்போதெல்லாம் இப்படிச் சொல்லுகிறேன். 'குடை' என்று நான் சொன்னால் குடையின் படத்தை எடுக்க ஒரு பிள்ளைக்குக் கற்றுக்கொடுக்கிறேன். 'குடை' என்று சொன்னால் குடை என்று எழுதிய அட்டையை எடுக்கவும் கற்றுக்கொடுக்கிறேன். அவ்வளவுதான். படத்தையும் எழுத்தையும் நான் சேர்த்து வைப்பதே இல்லை. பிறகு ஒருநாள் படத்தை மட்டும் காட்டினால், பிள்ளை தானாக எழுத்தைத் தேடி எடுக்கிறதா? எடுத்தால், சொல்லும் படமும் எழுத்தும் அதற்கு ஒன்றாகிவிட்டன. சொல்லித்தராத ஒன்று உள்ளே முளைத்திருக்கிறது. இதற்கு ஆறு வருடமா என்றாள் சித்தி மகள். முளைக்க வேண்டாமா?

எட்வின் இன்று குழம்பைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. புளி கூடிவிட்டது போல. நாளை தேங்காய் அரைத்து வைக்கவேண்டும்.

ஜனவரி 10, வெள்ளி

சிஸ்டர்கள் நடத்தும் சிறப்புப் பள்ளியில் ஒரு சிறிய அறை கொடுத்திருக்கிறார்கள். பழைய பாட்டுப் பெட்டி ஒன்று மூலையில் கிடக்கிறது, அதை நகர்த்த ஆளில்லை. மனவளர்ச்சி குறைந்த நான்கு பேர் என் ஆய்வுக்கு. அதில் முப்பிடாதிதான் மூத்தவள், பதினேழு வயது. இரட்டைச் சடை, இரண்டிலும் வெவ்வேறு நிற ரிப்பன். பேச்சு கொஞ்சம்தான் வரும், ஆனால் அதிகாரம் அதிகம். சரியான அட்டையை எடுத்துத் தட்டில் வைத்ததும், "கை தட்டுங்க" என்று எனக்கு உத்தரவு போடுகிறாள். இந்தப் பள்ளியில் யார் எதைச் சரியாகச் செய்தாலும் கைதட்டுவார்கள். சோற்றைச் சிந்தாமல் சாப்பிட்டால்கூட. பக்கத்து வகுப்பில் நாள் முழுவதும் கூட்டம் நடப்பது மாதிரி சத்தம்.

தேங்காய் அரைத்தும் எட்வின் வாய் திறக்கவில்லை.

ஜனவரி 13, திங்கள்

நெறியாளர் சங்கரலிங்கம் சாரிடம் மூன்றாம் இயலைக் கொடுத்தேன். ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். "ம்" என்றார். மூடி வைத்தார். "பொங்கலுக்கு ஊருக்குப் போறீங்களாம்மா?" என்றார்.

எந்தப் பக்கத்தில் முகம் சுளித்தார் என்று யோசித்துக்கொண்டே பேருந்தில் வந்தேன். பதினேழாம் பக்கமாக இருக்கலாம். முழுவதும் மாற்றி எழுதப்போகிறேன்.

ஜனவரி 15

மாட்டுப் பொங்கல். எதிர்வீட்டில் ஒலிபெருக்கி. இயல் மூன்று, மறுபடி.

ஜனவரி 24, வெள்ளி

பயிற்சி முடிந்தது! குடை, பூட்டு, வாளி மூன்றும் முப்பிடாதிக்கு அத்துப்படி. சொன்னால் படத்தையும் எடுக்கிறாள், எழுத்தையும் எடுக்கிறாள். சோதனையில் கைதட்டக்கூடாது, சரி தவறு எதுவும் சொல்லக்கூடாது. சொன்னால் அது சோதனை இல்லை, இன்னொரு பாடம் ஆகிவிடும். அதனால் சோதனைக்கு முன்பே கைதட்டலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கவேண்டும் என்று ஆய்வு நூல்களெல்லாம் சொல்லுகின்றன. இரண்டே நாளில் குறைத்து முடித்தேன். மார்ச் என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறது.

முப்பிடாதியின் அம்மா பேச்சியம்மாள் வாசலில் பிடித்துக்கொண்டார். பீடி சுற்றுகிறவர், விரலெல்லாம் புகையிலை மணம். "எம் புள்ள வாசிச்சிருவாளா மேடம்? பஸ் போர்டு மட்டும் வாசிச்சாப் போதும். தச்சநல்லூர் எது, மேலப்பாளையம் எதுன்னு தெரிஞ்சா நான் கூடவே அலைய வேண்டாம்லா."

வாசிப்பாள் என்றேன். எந்த நம்பிக்கையில் சொன்னேனோ.

ஜனவரி 30, வியாழன்

எரிச்சல் எரிச்சலாக வருகிறது.

சோதனை. குடைப் படத்தைக் காட்டினேன். முப்பிடாதியின் கை நேராகக் குடை என்று எழுதிய அட்டைக்குப் போனது. எடுத்தாள். என்னைப் பார்த்தாள். நான் கல்லாக உட்கார்ந்திருந்தேன். அட்டையைத் திரும்ப வைத்துவிட்டு வாளியை எடுத்துத் தட்டில் போட்டாள். அடுத்து பூட்டு. அதிலும் அப்படித்தான். மற்ற மூன்று பேரும் இதையே செய்தார்கள். தட்டில் வைத்ததுதான் விடை என்பது விதி. ஆக எல்லாம் தவறு.

ஒரு நிலையில் நிற்கத் தெரியவில்லை இந்தப் பிள்ளைகளுக்கு. எடுத்ததைப் பிடித்துக்கொண்டு உட்கார என்ன கேடு?

இன்று பள்ளிக்கு நீலச் சேலை கட்டிக்கொண்டு போனேன். பேருந்து நிறுத்தத்தில் பக்கத்து வீட்டு ரூத் மேலும் கீழும் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் நின்றாள். அது எனக்கு எடுபடவில்லை என்று நினைக்கிறேன். யாருக்காவது கொடுத்துவிடலாம்.

பிப்ரவரி 3, திங்கள்

திரும்பவும் சோதனை. திரும்பவும் அதே கூத்து.

பிப்ரவரி 6, வியாழன்

பள்ளித் தலைமை சிஸ்டர் பெனடிக்டா கூப்பிட்டு முடிவைக் கேட்டார். உள்ளதைச் சொன்னேன். நான்கு பேருக்கும் படமும் எழுத்தும் ஒன்று சேரவில்லை, வாசிப்புக்கு அடிப்படையே அதுதான் என்று நீட்டி முழக்கினேன். ஆறு வருடம் படித்ததைக் கேட்க ஒருவராவது கிடைத்தாரே.

சிஸ்டர் ஜெபமாலையை உருட்டிக்கொண்டு கேட்டார். "வாசிப்பு வகுப்புல இடம் கம்மி மேடம். வெளிய எத்தனையோ பேர் காத்துக்கிட்டு நிக்காங்க. சின்னப் பிள்ளைகள விடுங்க, அதுகளுக்கு இன்னும் வயசு இருக்கு. முப்பிடாதிக்குப் பதினேழு ஆயிட்டு. அவள கவர் ஒட்டுத பிரிவுக்கு மாத்திரலாம். நீங்களே வராதுன்னு சொல்லிட்டீங்கள்லா."

நான் அப்படிச் சொல்லவில்லை. இல்லை, சொல்லிவிட்டேன் போலிருக்கிறது.

பிப்ரவரி 7, வெள்ளி

பேச்சியம்மாள் சண்டைக்கு வருவார் என்று நினைத்தேன். வரவில்லை. மகளின் டிபன் பெட்டியையும் தண்ணீர் பாட்டிலையும் பைக்குள் வைத்துக்கொண்டே சொன்னார். "கவர் ஒட்டதுக்கு எதுக்கு மேடம் ரெண்டு பஸ் மாறி வரணும்? வீட்லயே இருந்து பீடிக்கு லேபிள் ஒட்டட்டும். இந்த மாசத்தோட நிப்பாட்டிக்கிடுதேன். நீங்க பாடுபட்டுச் சொல்லிக் குடுத்தீய. அவ தலையில எழுதல, நீங்க என்ன செய்வீய?"

திட்டியிருக்கலாம். முப்பிடாதி கேட் தாண்டும்வரை திரும்பித் திரும்பி எனக்குக் கையாட்டினாள்.

சாப்பிடப் பிடிக்கவில்லை.

பிப்ரவரி 10, திங்கள்

சாரிடம் போனேன். முடிவு வரவில்லை என்றேன். அழுதுவிடுவேனோ என்று பயமாக இருந்தது. சார் அமைதியாக, "வரலைன்னா வரலைன்னு எழுதுங்கம்மா. அதுவும் ஒரு முடிவுதானே. மார்ச்சுக்குள்ள முடிச்சிரலாம், பட்டம் கிடைச்சிரும்" என்றார். ஆறு வருடத்தில் அவர் என்னிடம் பேசிய மிக நீளமான பேச்சு இதுதான்.

பிறகு மூன்றாம் இயலை வாங்கிப் பார்த்தவர் புருவத்தைத் தூக்கினார்.

"இது என்னது? முதல்ல குடுத்தது எங்க?"

"அத மாத்திட்டேன் சார். அதுக்கப்புறம் இன்னொரு தரமும் மாத்தினேன்."

"யாரு மாத்தச் சொன்னா?"

"நீங்க ஒண்ணும் சொல்லலையே சார்."

"அட, என்னம்மா நீங்க! நான் ஒண்ணும் சொல்லலைன்னா சரியா இருக்குன்னு அர்த்தம். தப்பா இருந்தா பேசாம இருப்பனா? நல்லா இருந்ததத் தூக்கிப் போட்டுட்டு இத எதுக்குக் கொண்டுவந்தீங்க?"

வாசலுக்கு வந்து செருப்பை இடம் வலம் மாற்றி மாட்டினேன். கோபம். சரியாக இருக்கிறது என்று ஒரு வார்த்தை சொன்னால் முத்து உதிர்ந்துவிடுமா? மனிதர் வாயை மூடிக்கொண்டிருந்தால் எதிரில் உட்கார்ந்திருப்பவள் என்னவென்று நினைப்பாள்? தப்பு என்றுதானே நினைப்பாள். வேறு எடுத்துக் கொடுப்பாள்.

பிப்ரவரி 11, செவ்வாய்

நேற்று எழுதிய கடைசி இரண்டு வரிகளை விடிந்ததும் படித்தேன். இட்லித் தட்டைக் கழுவாமல் பள்ளிக்கு ஓடினேன்.

வாசிப்பு வகுப்பு குளோரி டீச்சரைப் பிடித்தேன். "டீச்சர், பிள்ளைங்க தப்பா எடுத்தா நீங்க என்ன செய்வீங்க?"

"திட்டப்புடாது, இல்லன்னு தலையாட்டவும் செய்யப்புடாதுன்னு சிஸ்டர் ஆர்டர்லா. மனசு ஒடிஞ்சிருமாம். அதனால பேசாம இருப்போம். கொஞ்ச நேரம் நம்ம மூஞ்சியப் பாத்துட்டு அதுகளே வேற எடுத்துரும். சரியா எடுத்ததும் கை தட்டிருவோம்."

"எவ்வளவு காலமா இப்படி?"

"நான் வந்த நாள்லேருந்து இப்படித்தான். ஏன் மேடம், எதுவும் தப்பா?"

தப்பில்லை என்றேன். கனிவான பழக்கம். முப்பிடாதி இங்கே ஐந்து வயதில் சேர்ந்தவள். சரி என்றால் கைதட்டு, சத்தமில்லை என்றால் மாற்றி எடு. அவளுக்கு இதைவிட நன்றாகத் தெரிந்த பாடம் வேறு கிடையாது. அதை நான் இரண்டே நாளில் கழற்றிவிட்டதாக நினைத்துக்கொண்டு, கல் மாதிரி அவள் முன்னால் உட்கார்ந்தேன். அவள் குடையை எடுத்தாள். எழுத்து அவளுக்குள் முளைத்திருந்தது. நான் பேசாமல் இருந்து அதைத் திரும்ப வைக்கச் சொன்னேன். பிறகு சிஸ்டரிடம் போய் வரவில்லை என்றும் சொன்னேன்.

வெட்கமாக இருக்கிறது. யாரையாவது அடிக்கலாம் போலவும் இருக்கிறது, ஆனால் என்னைத் தவிர ஆளில்லை.

பிப்ரவரி 12, புதன்

சிஸ்டர் காலில் விழாத குறை. சோதனையில்தான் பிழை, முப்பிடாதியிடம் இல்லை என்று விளக்கினேன். அவருக்குப் பாதி புரிந்தது. "ஈஸ்டர் லீவு வரைக்கும் பொறுக்கேன். அதுக்குள்ள நீங்க காட்டுங்க. வரலைன்னா நீங்க வருத்தப்படப்புடாது" என்றார். பேச்சியம்மாளிடமும் அவரே பேசுவதாகச் சொன்னார்.

எட்வினிடம் சொன்னேன். டிவியைக்கூட நிறுத்திவிட்டுக் கேட்டார். "சார் சொன்ன மாதிரி வரலைன்னு எழுதிக் குடுத்துரு. பட்டத்த வாங்கிட்டு அப்புறம் அந்தப் பிள்ளைக்கு நிதானமா செய்யி. ரெண்டும் நடந்துரும்லா."

நடக்காது. மார்ச்சில் ஒன்றைத்தான் செய்யமுடியும். உட்கார்ந்து எழுதலாம், அல்லது முப்பிடாதியோடு உட்காரலாம். தவிர, வராது என்பது பொய் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. தெரியாமல் எழுதியிருந்தால் பிழை. தெரிந்து எழுதினால் அதற்கு வேறு பெயர்.

"அப்ப ஆறு வருஷம்?" என்றார்.

அவருடைய ஆறு வருடமும்தான் அது. எத்தனை ஞாயிற்றுக்கிழமை தனியாகச் சர்ச்சுக்குப் போயிருக்கிறார்.

பிப்ரவரி 14, வெள்ளி

சாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுவிட்டு, "முதல்ல தொட்ட அட்டைய விடைன்னு எடுத்துக்கிட்டா ரிசல்ட் வந்திருமா?" என்றார்.

வந்துவிடும். நான்கு பேருக்குமே வந்துவிடும். பழைய வீடியோ இருக்கிறது, ஒரே வாரத்தில் எண்ணி முடித்து மார்ச்சுக்குள் கொடுத்துவிடலாம். ஒரு நிமிடம் ஆசை வந்தது, மறைக்கவில்லை.

"தட்டில வைக்கிறதுதான் விடைன்னு முன்னாடியே எழுதிட்டேன் சார். விடையப் பாத்துட்டு விதிய மாத்தினா அதுக்குப் பேரு ஆராய்ச்சி இல்லையே. கிளி ஜோசியக்காரர் கூட சீட்டப் பிரிச்ச பிறகு வேற சீட்டு எடுக்க மாட்டாரு."

சார் ஒன்றும் சொல்லவில்லை. வழக்கம்போல.

நான் எழுந்து வந்துவிட்டேன்.

பிப்ரவரி 17, திங்கள்

மாற்றி மாற்றி எடுக்கவைத்ததில் பழைய சொற்கள் கெட்டுப்போயின, எல்லாம் புதிதாகத் தொடங்கவேண்டும். அதற்கும் முன்னால் முப்பிடாதிக்கு ஒரே ஒரு விஷயம் கற்றுக்கொடுக்கவேண்டும். மேடம் பேசாமல் இருந்தால் கையில் இருப்பது தவறு என்று அர்த்தமில்லை.

அவளுக்குத் துளியும் சந்தேகமில்லாததைக் கொடுத்தேன். பூனைப் படத்துக்கு அதே பூனைப் படம். எடுத்தாள். நான் கைதட்டவில்லை. பூனையை வைத்துவிட்டுப் பேருந்தை எடுத்தாள். பூனைக்குப் பேருந்து!

பிப்ரவரி 20

பூனைக்குப் பேருந்து.

பிப்ரவரி 25

"கை தட்டுங்க." மாட்டேன் என்று உட்கார்ந்திருந்தேன். என் கையைப் பிடித்து அவளே சேர்த்துத் தட்டினாள்.

மார்ச் 5, புதன்

சாம்பல் புதன். நெற்றியில் சாம்பலோடு சிஸ்டர் எட்டிப் பார்த்தார். மற்ற மூவரும் பூனையைப் பிடித்துக்கொண்டு உட்காரப் பழகிவிட்டார்கள். முப்பிடாதிதான். எல்லோரையும்விட நல்ல பிள்ளை, எல்லோரையும்விட யாரையும் வருத்தப்படுத்தத் தெரியாத பிள்ளை, அதனாலேயே என் உயிரை வாங்குகிறாள். இன்று அவள் மேல் சத்தம் போட்டுவிட்டேன். "உனக்குத் தெரியும்லா! அப்புறம் ஏன் மாத்துத?" அவள் எல்லா அட்டைகளையும் ஒன்றாக அள்ளி என் மடியில் வைத்தாள். எது வேண்டுமோ எடுத்துக்கொள் என்பதுபோல.

மார்ச் 14, வெள்ளி

பூனைக்குப் பூனை. என்னைப் பார்த்தாள். நான் ஜன்னலைப் பார்த்தேன். கை கொஞ்சம் அசைந்தது, பிறகு நின்றது. தட்டில் வைத்தாள்! அடுத்ததையும் வைத்தாள். அதற்கடுத்ததையும்.

வெளியே வந்து குளோரி டீச்சரைக் கட்டிக்கொண்டேன். அவர் பயந்துபோனார்.

மார்ச் 31, திங்கள்

பல்கலைக்கழகத்துக்குப் போகவில்லை. போவதற்குக் கையில் ஒன்றும் இல்லை. முப்பிடாதிக்குச் சீப்பு, தராசு, செருப்பு என்று புதுச் சொற்கள் நடக்கின்றன.

மாலையில் சாரின் போன். "இன்னைக்குத்தானம்மா கடைசி நாள்" என்றார். தெரியும் சார் என்றேன். "மறுபடி பதிவு பண்ணணும்னா நுழைவுத் தேர்விலேருந்து எல்லாம் முதல்லேருந்து வரும். எனக்கும் ரிட்டயர்மென்ட் ஆயிரும், வேற ஆளைத்தான் பாக்கணும்." அதுவும் தெரியும் என்றேன். என் மேல் கோபமா என்று கேட்டேன். "கோபம் இல்லம்மா. வயித்தெரிச்சல்" என்றார்.

எட்வின் அரை நாள் லீவு போட்டு வந்திருந்தார். ஏன் என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. சமையலறையில் நின்று அழுதேன். ஆறு வருடம், அழாமல் என்ன செய்வது? அவர் காபி போட்டுக் கொடுத்தார். சர்க்கரை போட மறந்திருந்தார். குடித்தேன்.

ஏப்ரல் 11, வெள்ளி

முப்பிடாதி வாசிப்பு வகுப்பிலேயே இருக்கிறாள். அதை முதலில் எழுதிவிடுகிறேன். சிஸ்டரும் அறையில் உட்கார்ந்து முழுவதையும் பார்த்தார். விடுமுறை முடிந்ததும் அவளை வழக்கம்போல அனுப்பச் சொல்லிப் பேச்சியம்மாளிடம் அவரே சொல்லிவிட்டார். "நெசமாவா சிஸ்டர்? வாசிக்காளா?" என்று அந்த அம்மாள் மூன்று முறை கேட்டார். அடுத்து ஊர்ப் பெயர்கள் வைத்து ஆரம்பிக்கலாம் என்றிருக்கிறேன். பட்டம் இல்லாதவள் கற்றுக்கொடுக்கக்கூடாது என்று சட்டம் ஒன்றும் இல்லையே.

சோதனை இப்படி நடந்தது. சீப்பின் படம். கை நேராகப் போனது. 'சீப்பு' அட்டையை எடுத்தாள், என்னைப் பார்த்தாள். நான் மூச்சுகூட விடவில்லை. தட்டில் வைத்தாள். தராசு. வைத்தாள். செருப்பு. வைத்தாள். பிறகு எழுத்தைக் காட்டிப் படத்தைக் கேட்டேன், இடத்தை மாற்றி மாற்றி வைத்தேன், எதற்கும் அசையவில்லை. யாரும் கைதட்டாத அறையில், யாரும் சொல்லித்தராத ஒன்றை, ஒவ்வொன்றாக எடுத்து வைத்துக்கொண்டே போனாள். சிஸ்டரின் ஜெபமாலை நின்றுவிட்டது.

கடைசி அட்டை. தராசின் படம். 'தராசு' என்பதை எடுத்துவிட்டாள். வழக்கம்போல என் முகத்தைப் பார்த்தாள்.

என் கண் நிறைந்துவிட்டது. அடக்கத்தான் பார்த்தேன், முடியவில்லை. கன்னத்தில் வழிந்தே விட்டது.

முப்பிடாதி பதறிப்போனாள். தட்டுக்குப் பக்கத்தில் போன கையை இழுத்துக்கொண்டாள். 'தராசு' அட்டையைத் திரும்ப வைத்துவிட்டு, அவசரமாகச் 'செருப்பு' அட்டையை எடுத்துத் தட்டில் வைத்தாள். பிறகு பாவாடை நுனியால் என் முகத்தைத் துடைத்தாள்.

"மாத்திட்டேன்லா மேடம். அழாதீங்க."

தட்டில் வைத்ததுதான் விடை. தவறு என்று குறித்தேன்.